குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்ததிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பேச்சைப் பற்றி வீட்டில் எழும் கேள்விகள் இவை. "ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று தொடங்கும் வாட்ஸ்அப் செய்திகளில் யார், எப்போது, எத்தனை குழந்தைகளிடம் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. இங்கே முடிந்தவரை அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லையே என்ற கவலையோடு வந்தவர்கள் நேராகக் கடைசி இரண்டு கேள்விகளுக்குப் போய்விடுங்கள். மற்றதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

வயிற்றில் இருக்கும்போதே கேட்குமாமே? அபிமன்யு கதை உண்மைதானா?

பாதி உண்மை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் குழந்தையின் காது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வயிற்றையும் பனிக்குட நீரையும் தாண்டி உள்ளே போவது பேச்சின் ராகமும் தாளமும்தான், சொற்கள் மங்கிப்போகும். ஆந்தனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980-இல் பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படியே சப்பின. 1986-இல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் இன்னொரு படி மேலே போனார்கள். தாய்மார்கள் கடைசி ஆறு வாரம் ஒரே கதையைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்த பிறகு, வேறு பெண் படித்தால்கூட, குழந்தைகள் புதுக் கதையை விட்டு அந்தப் பழகிய கதையையே நாடின.

அழுகையில்கூட இது தெரிகிறது. 2009-இல் கேத்லீன் வெர்ம்கே குழுவினர் 60 பச்சைக் குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து பார்த்தபோது, பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை மேல்நோக்கி ஏறியது, ஜெர்மன் குழந்தைகளுடையது மேலிருந்து இறங்கியது. அந்தந்த மொழியின் பேச்சு ராகமும் அப்படித்தான் போகும்.

ஆக, அபிமன்யுவுக்குச் சக்கரவியூகத்தின் வழி மனப்பாடம் ஆகியிருக்காது. சொன்னவர் குரல் பழகியிருக்கும், அவ்வளவுதான். வயிற்றின் மேல் ஹெட்போன் கட்டிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

பேசவே தெரியாத குழந்தையை வைத்து எப்படிச் சோதனை செய்ய முடியும்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பதில் சொல்ல முடியாதவரிடம் கேள்வி கேட்பது ஒரு கலை. சப்புவது, தலை திருப்புவது, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பது, இவை மூன்றும்தான் கருவிகள்.

ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவின் வான்கூவர் நகரம். குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒருவர் பொம்மைகளை ஆட்டி அதன் கவனத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். பக்கவாட்டில் உள்ள ஒலிபெருக்கியில் ஒரே அசை திரும்பத் திரும்ப ஓடுகிறது: த, த, த, த. திடீரென்று அது ட, ட, ட என்று மாறுகிறது. மாறிய சில நொடிக்குள் குழந்தை தலையைத் திருப்பினால், இருட்டுப் பெட்டிக்குள் விளக்கெரிந்து ஒரு பொம்மை மிருகம் ஆட்டம் போடும். ஒலி மாறினால் பொம்மை வரும் என்பது குழந்தைக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. அம்மாவுக்கும் எதிரே இருப்பவருக்கும் காதில் ஹெட்போன், அதில் பாட்டு. இல்லையென்றால் ஒலி மாறும்போது அம்மா தன்னை அறியாமல் அசைந்து காட்டிக்கொடுத்துவிடுவார்.

அந்த த, ட இரண்டும் இந்தி ஒலிகள். தமிழில் பத்து, பட்டு என்று நாம் எளிதாகப் பிரிக்கும் அதே வேறுபாடு. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு இது காதில் ஏறுவது மிகக் கடினம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒலி மாறியதும் தலையைத் திருப்பின. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் அனேகமாக எவருமே திருப்பவில்லை. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ அந்த வயதிலும் சரியாகவே திருப்பின.

அப்படியானால் ஒரு வயதுக்குள் திறமை போய்விடுகிறதா?

போவதில்லை, வீட்டு மொழிக்கு ஏற்பக் காது தீட்டப்படுகிறது. தேவையில்லாத வேறுபாட்டைக் கவனிக்காமல் விடுவதும் கற்றல்தான். ஒரு மாதக் குழந்தையே "ப" ஒலியின் வல்லின, மென்மை வடிவங்களைப் பிரித்தறியும் என்று பீட்டர் ஐமாஸ் குழுவினர் 1971-இலேயே காட்டியிருந்தார்கள்; அங்கிருந்து தொடங்கித் தன் மொழிக்குள் குவிந்துவருகிறது. வெளிநாட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இதில் ஒரு செய்தி உண்டு. முதல் ஆண்டில் வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டிருந்தால் த, ட போன்ற வேறுபாடுகள் இயல்பாக நிலைக்கும். பள்ளி வயதில் வாரம் ஒரு வகுப்பில் அதைக் கொண்டுவர மெனக்கெட வேண்டும். முடியாததல்ல, உழைப்பு அதிகம்.

நாம் சொற்களை விட்டு விட்டுப் பேசுவதில்லையே, எங்கே ஒரு சொல் முடிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

"என்னடாபண்றேஅங்க" என்று ஒரே மூச்சில்தான் பேசுகிறோம். எழுத்தில் இருக்கும் இடைவெளி பேச்சில் கிடையாது. ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிஸா நியூபோர்ட் மூவரும் 1996-இல் 8 மாதக் குழந்தைகளுக்கு டுபீரோ, கோலாபு, பிடாக்கு, படோட்டி என்று பொருளற்ற நான்கு சொற்களை இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் கலந்து 2 நிமிடம் ஓடவிட்டார்கள். "டு" வந்தால் அடுத்து எப்போதும் "பீ" வரும். ஆனால் "ரோ"வுக்கு அடுத்து எது வேண்டுமானாலும் வரலாம். இரண்டே நிமிடத்தில் குழந்தைகள் இந்தக் கணக்கைப் பிடித்துவிட்டன. முழுச் சொற்களுக்கும், இரு சொற்களின் விளிம்பு சேர்ந்த துண்டுகளுக்கும் வேறுபாடு காட்டின.

யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே சமயம் இது ஆய்வுக்கூடத்துச் செயற்கை மொழி. வீட்டுப் பேச்சில் ராகம், நிறுத்தம், தன் பெயர் போன்ற உதவிகளும் சேர்ந்துகொள்கின்றன. தன் பெயரைக் குழந்தை நாலரை மாதத்திலேயே அடையாளம் காண்கிறது.

முதல் சொல் எப்போது வரும்? எத்தனை வயதில் எத்தனை சொல் இருக்க வேண்டும்?

வாயில் வருவது ஏறத்தாழ ஒரு வயதில். புரிவது அதற்கு வெகு முன்பே. எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குத் திரையில் இரண்டு படங்கள் காட்டி, அம்மாவையோ அப்பாவையோ அதில் ஒன்றின் பெயரைச் சொல்லச் செய்தார்கள். உணவுப் பொருள்கள், உடல் உறுப்புகள் ஆகியவற்றின் பெயரைக் கேட்டதும் குழந்தைகளின் பார்வை சரியான படத்தின் பக்கம் கூடுதலாகப் போயிற்று. மூக்கு எங்கே என்று கேட்டால் தொட்டுக் காட்டத் தெரியாத வயது அது. ஆனால் உள்ளே ஏதோ பதிந்திருக்கிறது.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: பெற்றோர் டிக் அடிக்கும் சொற்பட்டியல் ஒன்றை அமெரிக்காவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 2 வயதில் சராசரி சுமார் 300 சொற்கள். ஆனால் அந்தச் சராசரியை நம்பி யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அதே 2 வயதில் 500 சொல்லைத் தாண்டியவர்களும் உண்டு, 60 சொல்லில் நிற்பவர்களும் உண்டு. இவ்வளவு அகலமான வரம்பு, குழந்தை வளர்ச்சியில் வேறு எதிலும் அதிகம் பார்க்க முடியாது. "பக்கத்து வீட்டுப் பாப்பா மழைமாதிரி பேசுது" என்ற ஒப்பீடு அர்த்தமற்றது என்று சொல்ல இந்த ஒரு விஷயமே போதும்.

ஒரு சொல்லை எத்தனை தடவை சொன்னால் மண்டையில் ஏறும்?

சில சமயம் ஒரே தடவை போதும். சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978-இல் ஒரு மழலையர் பள்ளியில் செய்தது மிக எளிமையான காரியம். ஒன்று நீலம், இன்னொன்று மங்கிய ஆலிவ் பச்சை என இரண்டு தட்டுகள் இருந்தன. ஆசிரியை வேறு வேலைக்கு நடுவே சாதாரணமாக ஒரு பிள்ளையிடம், "அந்த குரோமியம் தட்டைக் கொண்டு வா, நீலம் இல்லை, குரோமியம்" என்றார். அந்த 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு குரோமியம் என்பது முன்பின் கேட்டிராத சொல். தட்டு சரியாக வந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும், அது ஏதோ ஒரு நிறத்தின் பெயர் என்ற அளவுக்காவது கணிசமான பிள்ளைகளிடம் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் கேரியே அழுத்திச் சொன்ன மறுபாதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முதல் பிடிப்பு வேகமானது. சரியான பொருள் வந்து நிலைக்க வாரங்கள், மாதங்கள் ஆகும். அதனால்தான் நாலுகால் பிராணியெல்லாம் சில காலம் "ஜுஜு"வாக இருக்கிறது. நேற்றுப் போன கல்யாணத்தை "நாளைக்குப் போனோமே" என்று மூன்று வயதுப் பிள்ளை சொல்வதும் அப்படித்தான். இது காலத்தைக் குறிக்கும் சொல் என்று தெரிந்துவிட்டது, எந்தப் பக்கத்துக் காலம் என்பது மட்டும் பாக்கி.

சுட்டிக்காட்டி ஒரு சொல்லைச் சொன்னால், அது பொருளையா, நிறத்தையா, வாலையா குறிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றும் கேட்பார்கள். பிள்ளைகளிடம் சில குறுக்குவழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே பெயர் தெரிந்த பொருளுக்கு இன்னொரு பெயர் இருக்காது என்று முதலில் எண்ணிக்கொள்கின்றன. கரண்டியும் தெரியாத ஏதோ ஒரு கருவியும் இருக்க, புதுச் சொல் வந்தால் அது கருவிக்குத்தான். புதுப் பொருளின் பெயரை நிறத்தைவிட வடிவத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்பவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்கின்றன.

ஒன்றரை வயதில் "சொல் வெடிப்பு" வருமாமே?

எல்லோருக்கும் வராது. ஜெனிஃபர் கேஞ்சரும் மைக்கேல் பிரெண்டும் 2004-இல் 38 குழந்தைகளின் சொற்கணக்கை ஆராய்ந்தபோது, உண்மையான திடீர் தாவல் 5 பேரிடம் மட்டுமே தெரிந்தது. மற்றவர்களுக்குப் படிப்படியாகத்தான் கூடியது.

"மம்மு", "ஜோ ஜோ", "சீச்சி" என்று மழலையில் பேசினால் பேச்சு கெட்டுப்போகுமா?

கெடாது. குழந்தையிடம் குரலை உயர்த்தி, இழுத்து, ராகமாகப் பேசுவது பல சமூகங்களில் காணப்படும் வழக்கம். 16 நாடுகளில் 67 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2,329 குழந்தைகளைச் சோதித்து 2020-இல் வெளியிட்ட முடிவு: பெரியவர்களுக்குள் பேசிக்கொள்வதைவிட இந்த ராகப் பேச்சைத்தான் குழந்தைகள் விரும்பிக் கேட்கின்றன. மம்மு, டாட்டா போன்ற இரட்டித்த சிறு சொற்கள் தமிழுக்கு மட்டும் உரியவையல்ல. சார்லஸ் ஃபெர்குசன் 1964-இல் மராத்தி, அரபி உள்ளிட்ட ஆறு மொழிகளின் மழலைச் சொற்களை ஒப்பிட்டு, இரட்டிப்பும் எளிய அசைகளும் அவற்றில் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நாலு வயதிலும் வீட்டார் எல்லோரும் "பாப்பா மம்மு சாப்பித்தியா" என்றே பேசிக்கொண்டிருந்தால், பிள்ளைக்குக் கிடைக்கும் வாக்கியமும் அந்த அளவில் நின்றுவிடும். பெரும்பாலான வீடுகளில் இது தானாகவே உதிர்ந்துவிடுகிறது.

"ஏழை வீட்டுக் குழந்தைக்கு 3 கோடி சொல் குறைவு" என்கிறார்களே?

இந்த எண் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது, எனவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் அமெரிக்காவின் கான்சஸ் பகுதியில் 42 குடும்பங்களுக்கு மாதம் ஒருமுறை போய், ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவுசெய்தார்கள். குழந்தைக்குச் சுமார் 9 மாதம் ஆனதிலிருந்து 3 வயது வரை. 1995-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். உயர் தொழில் பார்க்கும் பெற்றோரின் குழந்தை மணிக்குச் சராசரி 2,153 சொல் கேட்டது; அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பத்தின் குழந்தை 616 சொல். இந்த வித்தியாசத்தை நாலு வயது வரை பெருக்கிப் பார்த்துத்தான் 3 கோடி என்ற எண் வந்தது.

அந்தக் கடைசி வகைக் குடும்பங்கள் மொத்தம் 6. வெறும் ஆறு! முன்பின் தெரியாத ஒருவர் டேப்ரெக்கார்டரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தால் யார் வீட்டில்தான் பேச்சு இயல்பாக இருக்கும்? டக்ளஸ் ஸ்பெர்ரி குழுவினர் பின்னாளில் வேறு ஐந்து சமூகங்களைப் பார்த்து, குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசுவதையும் கணக்கில் சேர்த்தபோது, ஒரே வருமான நிலைக்குள்ளேயே பெரிய ஏற்ற இறக்கம் இருந்தது. ஏழை வீட்டில் பேச்சு குறைவு என்ற சித்திரம் அப்படியே நிற்கவில்லை.

அதற்காகப் பேச்சின் அளவு முக்கியமே இல்லை என்று எதிர்ப்பக்கம் சாயவும் முடியாது. அட்ரியானா வைஸ்லெடரும் ஆன் ஃபெர்னால்டும் 2013-இல் ஸ்பானிஷ் பேசும் 29 குடும்பங்களைப் பார்த்தார்கள், அத்தனையும் வசதி குறைந்தவை. அவர்களுக்குள்ளேயே, 19 மாதத்தில் குழந்தையைப் பார்த்து அதிகம் பேசிய வீட்டில் 24 மாதத்தில் சொல் அதிகம் இருந்தது. குழந்தையின் காதில் வெறுமனே விழுந்த பேச்சு அந்த வேலையைச் செய்யவில்லை. 2018-இல் ரேச்சல் ரோமியோ குழுவினர் 4 முதல் 6 வயதுள்ள 36 பிள்ளைகளிடம் பார்த்தது இன்னும் துல்லியமானது. மொழி தொடர்பான மூளைப்பகுதியின் இயக்கத்தோடு பொருந்தியது கேட்ட சொற்களின் எண்ணிக்கை அல்ல, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகள்.

கதை இதோடும் முடியவில்லை. மெக்சிகோவின் செல்தால் மாயா கிராமங்களில் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள், அதனிடம் நேராகப் பேசுவது குறைவு. மாரிசா கசியாஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி மணிக்கு நாலு நிமிடத்துக்கும் குறைவு. ஆனாலும் முதல் சொல், இரு சொல் சேர்ப்பு ஆகியவை மற்ற இடங்களைப் போலவே உரிய வயதில் வந்தன. ஆகவே பேசத் தொடங்குவதற்குக் குழந்தையிடம் நேராகப் பேசும் பேச்சு கொஞ்சம் இருந்தாலும் போதும் என்றும், சொற்கள் எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதில் அதன் அளவுக்குப் பங்குண்டு என்றும் நான் புரிந்துகொள்கிறேன். 3 கோடியை மட்டும் மறந்துவிடலாம்.

சரி, அப்படியென்றால் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம், பிள்ளைக்கும் காது வலிக்கும். அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசினால் போதும். மைக்கேல் டொமசெல்லோ போன்றவர்கள் 1980-களிலிருந்து காட்டிவருவது இதைத்தான்: குழந்தையின் கவனம் ஏற்கெனவே இருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் எளிதில் ஒட்டுகிறது, அதன் கவனத்தைப் பிடுங்கி வேறெங்கோ திருப்பிச் சொன்னால் அவ்வளவாக ஒட்டுவதில்லை. மொட்டை மாடியில் நடக்கும் ஒரு பேச்சு:

"கா!"
"ஆமாடா, காக்கா. வத்தல் திங்க வந்திருக்கு."
"கா… ஊ."
"பறந்து போயிடுச்சா? எங்க போச்சு?"
(கை தென்னை மரத்தைக் காட்டுகிறது.)
"ஓ, மரத்துல போய் உக்காந்துடுச்சு!"

இருபது நொடி. குழந்தை சொன்னது ஒன்றரைச் சொல், காட்டிய விரல் ஒன்று. அந்த விரலும் கணக்கில் உண்டு. மெரிடித் ரோவும் சூசன் கோல்டின்-மெடோவும் 2009-இல் கண்டபடி, 14 மாதத்தில் கையால் நிறையக் காட்டிய குழந்தைகளுக்கு நாலரை வயதில் சொல்வளம் அதிகமாக இருந்தது. இதைச் செய்ய அட்டையோ ஆப்போ வேண்டாம். பாட்டி, தாத்தா, பூக்காரம்மா என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறார்கள்.

தப்பாகப் பேசினால் திருத்த வேண்டுமா?

திருத்திப் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. ஹார்வர்டில் ரோஜர் பிரவுனும் கமில் ஹான்லனும் 1970-இல் கவனித்தது வேடிக்கையானது: பெற்றோர் பிள்ளையின் இலக்கணப் பிழையை விட்டுவிடுகிறார்கள், தகவல் பிழையைத்தான் திருத்துகிறார்கள். நம் வீட்டிலும் அப்படித்தான். "தாத்தா வந்துச்சு" என்றால் சிரித்துவிட்டுப் போவோம். வந்தது மாமா என்றால் "தாத்தா இல்லடா, மாமா" என்போம். இருந்தும் இலக்கணம் வந்துவிடுகிறது.

பிழை நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம். ஜீன் பெர்கோ 1958-இல் ஒரு கற்பனைப் பறவைப் படத்தைக் காட்டி, அதற்கு "வக்" என்று பெயர் வைத்து, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். அதுவரை உலகத்தில் இல்லாத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் சரியான ஆங்கிலப் பன்மையைச் சொன்னார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வது மட்டும் என்றால் இது நடக்காது. பிள்ளை விதியைப் பிடித்துவிட்டு, விதிவிலக்கான சொல்லிலும் அதையே போட்டுப் பார்க்கும்போதுதான் நமக்குச் சிரிப்பு வருகிறது. திருத்தியே தீர வேண்டும் என்றால், பிள்ளை சொன்னதையே சரியான வடிவில் இயல்பாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

இந்த ஆய்வெல்லாம் ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றியதுதானே? தமிழ்க் குழந்தைகளுக்குப் பொருந்துமா?

நியாயமான சந்தேகம். ஈவன் கிட் (Evan Kidd), ரோவேனா கார்சியா இருவரும் 2022-இல் இத்துறையின் நான்கு முக்கிய இதழ்களில் 45 ஆண்டுக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். உலகில் உள்ள சுமார் 7,000 மொழிகளில் 103 மட்டுமே அவற்றில் தலைகாட்டின. அதிலும் ஆங்கிலத்துக்கே பெரும்பங்கு.

தமிழ் விஷயத்தில் சில இடங்களில் வேறுபாட்டை எதிர்பார்க்கலாம். ஆங்கிலக் குழந்தையின் ஆரம்பச் சொற்களில் பெயர்ச்சொல் மிகுதி. நம் பேச்சில் வினை வாக்கியத்தின் கடைசியில், காதில் நிற்கும் இடத்தில் வருகிறது. எழுவாயை விட்டுவிட்டு "வா", "தா", "குடிச்சுட்டியா" என்றே பாதி நேரம் பேசுகிறோம். இதே போன்ற கொரிய மொழியிலும், எழுவாயைத் தாராளமாக விடும் சீன மொழியிலும் ஆரம்பத்திலேயே வினைச்சொற்கள் கூடுதலாக வருகின்றன என்று சில ஆய்வுகள் காட்டின. விகுதிகள் விஷயத்தில் நம் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள். துருக்கி மொழியைப் போலத் தமிழிலும் விகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாக ஒட்டிவருகின்றன. துருக்கிக் குழந்தைகள் 2 வயதுக்குள் வேற்றுமை உருபுகளை அனேகமாகப் பிழையின்றிப் பயன்படுத்துவது தெரிந்த விஷயம். பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் 1989-இல் தமிழ்க் குழந்தைகளிடமும் அதே போக்கைக் கண்டார்கள். ஆங்கிலக் குழந்தை அந்த வயதில் விகுதிகளை அனாயாசமாக விழுங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு சுவையான பக்கச் செய்தி: தமிழ்க் குழந்தைப் பேச்சை ஆரம்பகாலத்திலேயே விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் கணினி அறிவியலாளர். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றை உருவாக்கிய ஆர். நரசிம்மன்தான் அவர். மொழி மனதில் எப்படி உருவாகிறது என்ற கேள்வியே அவரை மழலைப் பேச்சின் பக்கம் இழுத்தது.

"ழ" வரவில்லை. கவலைப்படலாமா?

"வாயப்பயம்" சொல்லும் மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். ழ, ற, ர எல்லாம் கடைசியாக வரும் ஒலிகள். வளர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு ழ வருகிறது என்று முதலில் எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு வயதில் வெளியாட்களுக்குப் பேச்சே புரியவில்லை என்றால் அது வேறு விஷயம், காட்ட வேண்டும்.

வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலமோ இந்தியோ. குழம்பிப்போய்ப் பேச்சு தாமதமாகுமா?

ஆகாது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் இருமொழிப் பிள்ளைக்குச் சொல் குறைவாகத் தெரியும். பார்பரா பியர்சன் குழுவினர் 1993-இல் மயாமியில் இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது, ஒருமொழிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருந்தார்கள். "அம்மா, மில்க் ஊத்து" என்பது குழப்பத்தால் வருவதில்லை. அந்த நொடியில் எந்தச் சொல் முன்னால் நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறது. நாமும் அதைத்தானே செய்கிறோம்?

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு காரியத்தை மட்டும் எனக்கு ஒப்பவில்லை. "ஸ்கூலுக்கு வசதியா இருக்கட்டும்" என்று, தங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் பெற்றோர் பிள்ளையிடம் பேசுவது. "கம் ஹியர், சிட், ஈட்" என்று கட்டளை வாக்கியங்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. கதை, கிண்டல், "ஏன்டா அழுதே" போன்ற விசாரணை எல்லாம் தமிழில்தான் வரும் என்றால் தமிழிலேயே பேசுங்கள்.

போனில் ரைம்ஸ் போட்டால் சொல் வரும்தானே?

பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் செய்த சோதனையைக் கேளுங்கள். அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் 12 அமர்வுகளில் புத்தகம் படித்து, பொம்மை காட்டி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகளுக்குச் சீன ஒலி வேறுபாடு பிடிபட்டது. இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் வீடியோவில். ஒன்றும் ஒட்டவில்லை.

திரை என்பதாலேயே தோற்றதா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. 2014-இல் சாரா ரோஸ்பெரி குழுவினர் 2 வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு வீடியோ அழைப்பில் சொற்கள் கற்றுக்கொடுத்தார்கள். எதிரில் இருப்பவர் பிள்ளைக்கு உடனுக்குடன் பதில் சொன்னபோது கற்றார்கள். பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. துபாயில் இருக்கும் அப்பா தினமும் வீடியோ காலில் பேசுவது ஆகவே நல்லதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2 வயதுக்குள் வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம், 2 முதல் 5 வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், 3 வயதில் கூடுதலாகப் பார்க்கும் ஒவ்வொரு நிமிடத் திரைக்கும் பெரியவர் பேசுவதில் சுமார் 7 சொல்லும், பிள்ளையின் குரல் சுமார் 5 தடவையும் குறைந்தன. திரை ஓடினால் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம் என்பதுதான் சங்கதி.

ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறதே, அலுப்பாக இருக்கிறது.

உங்களுக்கு அலுப்பு, அதற்கு லாபம். ஜெசிக்கா ஹார்ஸ்ட் குழுவினர் 2011-இல் 3 வயதுப் பிள்ளைகளுக்குச் சில புதுச் சொற்கள் உள்ள கதைகளைப் படித்தார்கள். ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள், அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களைவிட அதிகம் கற்றார்கள். படப் புத்தகங்களில் நாம் பேச்சில் புழங்காத சொற்கள் நிறைய வருவதும் ஒரு லாபம்.

யாருமே பேசாமல் வளர்த்தால் என்ன ஆகும்?

அக்பர் இதைச் செய்து பார்த்திருக்கிறார். பச்சைக் குழந்தைகளை ஒரு மாளிகையில் வைத்து, வாய் பேசாத செவிலியரைக் காவலுக்குப் போட்டார். சில ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது எந்த மொழியும் வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது என்று அபுல் ஃபசல் எழுதுகிறார். கொடுமையான சோதனை.

இதன் மறுபக்கத்தை நிகராகுவாவில் பார்க்கலாம். 1970-களின் இறுதியிலும் 80-களிலும் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார்கள். அதுவரை தனித்தனியே வீட்டுச் சைகையோடு வளர்ந்தவர்கள் ஒன்றுகூடியதும் ஒரு பொதுச் சைகை முறை உருவானது. அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை இலக்கணம் உள்ள முழு மொழியாக ஆக்கிவிட்டார்கள். பெரியவர் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பேச ஆள் இருந்தது.

நாக்கில் வசம்பு தேய்த்தால், தேன் தடவினால் பேச்சு வருமா?

வராது. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை கொண்டது. உணவில் சேர்ப்பதற்கு அமெரிக்காவில் தடையே உண்டு. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோய் வரலாம். பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்க வேண்டுமென்றால் வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிவிட்டுப் போகட்டும், வாய்க்குள் மட்டும் வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்? "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார்.

தாமதமாகப் பேசுவது குடும்பத்தில் ஓடுவது உண்மை. 2 வயதில் 50 சொல் எட்டாத பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களைப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் எந்தப் பிள்ளை பிடிக்கும், எது பிடிக்காது என்று மாமியாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஒரு வயதாகியும் "பபப, தததா" என்ற மழலை ஒலியோ, விரல் நீட்டிக் காட்டுவதோ, பெயர் சொன்னால் திரும்புவதோ இல்லை என்றால் காட்டுங்கள். ஒன்றேகால், ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, 2 வயதில் "அப்பா வா" போல இரண்டு சொல் சேரவில்லை என்றாலும் காட்டுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் காது. தட்டுச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறது என்பதை வைத்துக் காது கேட்கிறது என்று முடிவுகட்ட முடியாது. சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். ஓ.ஏ.இ., பெரா என்ற சோதனைகள் குழந்தை தூங்கும்போதே செய்யக்கூடியவை, வலி இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கின்றன; டி.இ.ஐ.சி. என்று கேட்டால் சொல்வார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் உண்டு. காதில் குறை என்றால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செவி உள்வைப்புச் சிகிச்சை எவ்வளவு இளவயதில் நடக்கிறதோ, பேச்சு அவ்வளவு நன்றாக வருகிறது.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பிரசவ, தடுப்பூசி அட்டைகள், காது சோதனை ரிப்போர்ட் இருந்தால் அது. பிள்ளை வீட்டில் விளையாடும்போது எடுத்த ஓரிரு நிமிட வீடியோ மிக உதவும்; புது இடத்தில் பல பிள்ளைகள் வாயே திறக்காது. பிள்ளை சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மொழிச் சொல்லானாலும் எழுதுங்கள், "கா", "மம்மு" எல்லாம் சேர்த்தி. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு எப்போதும் ஒரே ஒலியைச் சொன்னால் அது சொல்தான். பகலில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது பாட்டி என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். பயிற்சியாளர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவரிடம்தான் பதில் இருக்கும்.